அமெரிக்க சுதந்திரம் யாருக்கு வந்தது?

சுதந்திரத்தைப் பற்றி மேடையேறிப் பேசுகிறவர்கள் அநேகமாய் எல்லோரும் அமெரிக்கா தேசத்தைத்தான் முதல் உதாரணமாக எடுத்துக் காட்டுவது வழக்கம். 1776-ம் வருஷம் ஜூலை மாதம் 4-ந் தேதி பதின்மூன்று குடியேற்ற நாட்டாரின் பிரதிநிதிகள் பிலடெல்பியா நகரில் கூடி, "இங்கிலாந்து ராஜாவுக்கு நாங்கள் இனிப் பிரஜைகள் அல்ல" என்று பிரகடனம் செய்தார்கள் என்பதும், அந்தப் பிரகடனத்தில் மனிதர்கள் எல்லோரும் சமமாகவே படைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று எழுதி வைத்தார்கள் என்பதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த சங்கதியாகும். 2026-ம் வருஷத்தோடு அந்தப் பிரகடனத்திற்கு வயது 250.

நாமும் அந்தப் பிரகடனத்தைக் குறைவாக மதிக்கவில்லை. ராஜா என்பவன் கடவுள் கிருபையால் ஆளுகிறவன் என்றும், அவனை எதிர்ப்பது கடவுளையே எதிர்ப்பதாகும் என்றும் சொல்லி ஜனங்களை ஏமாற்றி வந்த காலத்தில், அரசாங்கத்தின் அதிகாரம் ஜனங்களிடமிருந்துதான் வருகிறது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டது சிறிய காரியமல்ல. ஆனாலும் ஒரு கேள்வி கேட்காமலிருக்க நம்மால் முடியவில்லை. தேசத்திற்குச் சுதந்திரம் வந்தது, சரி. தேசத்தில் இருந்த மனிதர்களில் யார் யாருக்கு வந்தது? அன்றைக்கு அப்பதின்மூன்று நாடுகளிலும் சுமார் 25 லட்சம் ஜனங்கள் இருந்தார்கள். அவர்களில் ஐந்து பேருக்கு ஒருவர் வீதம் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள். எல்லோரும் சமம் என்று எழுதிய தாமஸ் ஜெபர்சனே தம் ஆயுளில் 600-க்கு மேற்பட்ட அடிமைகளுக்கு எஜமானராக இருந்தவர். இதற்கு என்ன சமாதானம்?

அமெரிக்கர்களைக் குறை கூற வேண்டுமென்று நாம் இதை எழுதவில்லை. ஒரு தேசத்தின் விடுதலை வேறு, அந்தத் தேசத்து மனிதர்களின் விடுதலை வேறு என்பதற்கு அமெரிக்க சரித்திரத்தைப்போல் தெளிவான அத்தாட்சி வேறெதுவும் நமக்குத் தோன்றவில்லை என்பதற்காகவே எழுதுகிறோம்.

கம்பெனி நிறுவிய நாடு

இங்கிலீஷ்காரர்கள் அமெரிக்காவில் நிலைத்துக் குடியேறியது 1607-ல், வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் என்ற இடத்திலாகும். அதை ஏற்படுத்தியவர்கள் லண்டன் வியாபாரிகள். பங்கு போட்டு, கம்பெனி சேர்த்து, ராஜாவிடம் சாஸனம் வாங்கி, தங்கம் கிடைக்கும் என்று ஆட்களைக் கப்பலேற்றினார்கள். தங்கம் கிடைக்கவில்லை. 1609 முடிந்து 1610 பிறந்த குளிர்காலத்தில் பட்டினி வந்து, சுமார் 500 பேராக இருந்தவர்களில் சுமார் 60 பேர்தான் மிஞ்சினார்கள். அதற்கு முன்பெல்லாம் அவர்கள் வயிறு கழுவியது அந்த மண்ணின் பூர்வீகக் குடிகள் கொடுத்த சோளத்தைக் கொண்டேயாகும். சோளம் கொடுத்தவர்களிடமிருந்தே பிறகு நிலத்தைப் பிடுங்கினார்கள்.

1612-க்குப் பிறகு புகையிலைச் சாகுபடி ஏற்பட்டது. புகையிலைக்கு லண்டனில் நல்ல விலை. ஆனால் அதற்கு நிலம் வேண்டும், பாடுபட ஆள் வேண்டும். நிலத்தைப் பூர்வீகக் குடிகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கு முதலில் இங்கிலாந்திலுள்ள ஏழைகளையே பிடித்தார்கள். கப்பல் செலவுக்குப் பதிலாக நாலு வருஷம் முதல் ஏழு வருஷம் வரை கூலியில்லாமல் உழைப்பதாக முறி எழுதிக் கொடுத்து வந்த வெள்ளைக்கார ஏழைகள் ஆயிரக்கணக்கானவர். கெடு முடியுமுன்பே செத்தவர்களும் அநேகர்.

வாசகர்கள் 1619-ம் வருஷத்தைக் கவனிக்க வேண்டுகிறோம். அவ்வருஷம் ஜூலை 30-ந் தேதி ஜேம்ஸ்டவுனில் குடியேறியவர்களின் பிரதிநிதிகள் முதன்முதல் சபையாகக் கூடினார்கள். அமெரிக்காவில் ஜனப்பிரதிநிதி ஆட்சியின் பிறப்பு இதுதான் என்று புஸ்தகங்கள் பெருமையோடு சொல்லுகின்றன. அதே வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் அதே நாட்டுக் கரைக்கு ஒரு கப்பல் வந்தது. போர்த்துக்கீசிய அடிமைக் கப்பலிலிருந்து கொள்ளையடித்துக் கொண்டுவந்த இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை அந்தக் கப்பல்காரர்கள் ஆகாரச் சாமான்களுக்காக மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சட்டசபையும் அடிமைத்தனமும் ஒரு மாத இடைவெளியில் ஒரே தொட்டிலில் பிறந்தன. பின்னால் நடந்த அவ்வளவுக்கும் இந்த ஒரு வருஷமே முன்னுரை என்று சொல்லலாம்.

மதக் கொடுமைக்குத் தப்பி வந்தவர்கள்

வடக்கே நடந்த குடியேற்றம் வேறு மாதிரி. 1620-ல் மேபிளவர் என்ற கப்பலில் 102 பேர் வந்து பிளிமத் என்ற இடத்தில் இறங்கினார்கள். 1630-ல் அதைவிடப் பெரிய கூட்டம் மாசசூசெட்ஸில் குடியேறிப் பாஸ்டன் நகரை உண்டாக்கிற்று. இங்கிலாந்து ராஜாவின் சர்ச்சு தங்களைத் தங்கள் மனச்சாட்சிப்படி தொழவிடவில்லை என்று மனம் நொந்து கடல் கடந்து வந்தவர்கள் இவர்கள்.

இப்படிப்பட்டவர்கள் மற்றவர்களை அவரவர் மனச்சாட்சிப்படி நடக்க விட்டிருப்பார்கள் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? நடந்தது நேர்விரோதம். மாசசூசெட்ஸில் தங்கள் சர்ச்சில் சேர்ந்த ஆண்களுக்கு மாத்திரமே ஓட்டு என்று விதித்தார்கள். மனிதனுடைய மனச்சாட்சியில் சர்க்கார் தலையிட உரிமையில்லை என்றும், பூர்வீகக் குடிகளின் நிலத்தை இங்கிலாந்து ராஜா தானம் செய்ய அவனுக்குப் பாத்தியமில்லை என்றும் சொன்ன ரோஜர் வில்லியம்ஸ் என்பவரை 1635-ல் நாடு கடத்த உத்தரவிட்டார்கள். அவர் குளிரில் காடு கடந்துபோய், பூர்வீகக் குடிகளிடம் இடம் பெற்று, 1636-ல் பிராவிடென்ஸ் என்ற ஊரை ஏற்படுத்தி, அதில் எந்த மதத்தாரும் இருக்கலாம் என்று திறந்துவிட்டார். வீட்டில் பெண்களைக் கூட்டிப் பாதிரிகளின் பிரசங்கத்தை ஆராய்ந்து பேசினதற்காக ஆன் ஹட்சின்ஸன் என்ற ஸ்திரீயை 1637-ல் விசாரித்து வெளியேற்றினார்கள். குவேக்கர் என்ற வேறு கிறிஸ்துவப் பிரிவினரில் நாலு பேரை 1659 முதல் 1661 வரையில் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள். அவர்களில் ஒருவர் மேரி டயர் என்ற ஸ்திரீ. 1637-ல் பெக்வாட் என்ற பூர்வீகக் குடிகளின் கோட்டையில் விடியற்காலத்தில் தீ வைத்து, ஆண் பெண் குழந்தை என்று பாராமல் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றுவிட்டு, அதற்காகக் கடவுளுக்கு ஸ்தோத்திரமும் செய்தார்கள்.

எல்லாவற்றுக்கும் சிகரமாக 1692-ல் சேலம் என்ற ஊரில் சூனியக்காரி வேட்டை நடந்தது. சில சிறு பெண்கள் வலிப்பு வந்ததுபோல் துடித்தார்கள். யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று முடிவு செய்யப்பட்டது. முதலில் பிடிக்கப்பட்ட மூவர் யார்? ஒருத்தி அடிமைப் பெண். ஒருத்தி வீடு வீடாய்ப் பிச்சை எடுத்துப் பிழைத்தவள். ஒருத்தி நோயாளியாய் வெகு நாள் சர்ச்சுக்குப் போகாமலிருந்தவள். கேட்பாரற்றவர்கள் மேல்தான் சாமியும் வரும், பேயும் வரும் போலிருக்கிறது! குற்றவாளியின் ஆவி ராத்திரி என்னிடம் வந்து என்னைக் கிள்ளிற்று என்று ஒருவர் சொன்னால் கோர்ட்டார் அதைச் சாட்சியமாக ஒப்புக்கொண்டார்கள். ஆவியைக் குறுக்கு விசாரணை செய்வது எப்படி? பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டார்கள். வாய் திறந்து பதில் சொல்ல மறுத்த ஒரு கிழவரைப் பலகையின்மேல் கல்லை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். சிறையிலேயே செத்தவர்கள் இன்னும் சிலர். 1697-ல் நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சீவெல் என்பவர் சர்ச்சில் எல்லோர் முன்பும் எழுந்து நின்று, தம் குற்றத்தை ஒப்புக்கொண்ட கடிதத்தைப் படிக்கச் செய்தார். அவருடைய யோக்கியதையை நாம் மெச்சுகிறோம். ஆனால் போன உயிர் திரும்பவில்லை.

கொடுமைக்கு ஆளானவன் என்பதாலேயே ஒருவன் கொடுமை செய்யமாட்டான் என்று நம்பிவிடக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்?

பிறவி அடிமையைச் செய்தது யார்?

நாம் இந்த வியாசத்தில் முக்கியமாய்ச் சொல்ல வந்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. ஒரு மனிதன் பிறக்கும்போதே தாழ்ந்தவனாய்ப் பிறக்கிறான் என்று சொல்லுகிறவர்கள், அது எப்போது யாரால் ஏற்பட்டது என்று கேட்டால், "அநாதி காலமாய் இருக்கிறது", "ஆண்டவன் கட்டளை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் அந்தத் தப்பித்தல் செல்லாது. அங்கே பிறவி அடிமைத்தனம் எந்த வருஷத்தில், எந்தச் சபையில், எந்தச் சட்டத்தால் செய்யப்பட்டது என்பதற்குப் பதிவு இருக்கிறது.

இங்கிலாந்து தேசத்து வழக்கப்படி பிள்ளையின் அந்தஸ்து தகப்பனைப் பொறுத்தது. ஆனால் வர்ஜீனியாவில் வெள்ளைக்கார எஜமான்களுக்கு அடிமைப் பெண்களிடம் பிள்ளைகள் பிறந்துகொண்டிருந்தன. தகப்பன் வழி என்றால் அந்தப் பிள்ளைகள் சுதந்திரர்களாகிவிடுவார்கள் அல்லவா? ஆகவே 1662-ல் வர்ஜீனியா சட்டசபையார், பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்று சட்டம் செய்தார்கள். அதாவது தான் பெற்ற பிள்ளையையே தன் சொத்தாக வைத்துக்கொள்ளவும், வேண்டும்போது விற்கவும் தகப்பனுக்கு வசதி ஏற்பட்டது.

அடுத்தபடியாக ஒரு சந்தேகம் கிளம்பிற்று. ஒரு கிறிஸ்துவன் இன்னொரு கிறிஸ்துவனை அடிமையாக வைத்திருக்கலாமா? அடிமைக்கு ஞானஸ்நானம் செய்துவிட்டால் அவன் விடுதலையாகிவிடுவானோ? இதற்கும் 1667-ல் சட்டம் செய்தார்கள். ஞானஸ்நானம் பெறுவதால் எந்த அடிமையும் அடிமைத்தனத்திலிருந்து நீங்கமாட்டான் என்பது அச்சட்டம். மோட்சம் வேண்டுமானால் அடிமை எடுத்துக்கொள்ளலாம், உழைப்பும் உடம்பும் எஜமானுக்கு! ஆண்டவன் முன்பு எல்லோரும் சகோதரர்கள் என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டு, திங்கட்கிழமை அந்தச் சகோதரனைச் சந்தையில் ஏலம் போடுவதற்கு இச்சட்டத்தால் தடை நீங்கிற்று.

பிறகு 1676-ல் பேகன் என்பவன் தலைமையில் வர்ஜீனியாவில் ஒரு கலகம் நடந்தது. முறி எழுதிக்கொடுத்த வெள்ளைக்காரக் கூலிகளும் கறுப்பு அடிமைகளும் அதில் ஒன்றாய்ச் சேர்ந்து நின்றார்கள். ஜேம்ஸ்டவுன் கொளுத்தப்பட்டது. பாடுபடுகிற இரு கூட்டமும் ஒன்று சேர்ந்தால் தங்கள் கதி என்ன ஆகும் என்று பெரிய நிலச்சுவான்தார்கள் பயந்தார்கள் என்றும், அதன் பிறகு இரண்டு கூட்டத்தையும் பிரித்து வைப்பது பலப்பட்டது என்றும் ஆராய்ச்சிக்காரர் பலர் சொல்லுகிறார்கள். பின்வந்த சட்டங்களைப் பார்த்தால் அது நியாயமாகவே தோன்றுகிறது. 1691-ல் வெள்ளையர் மற்ற நிறத்தாரை மணந்தால் நாடு கடத்தல் என்று சட்டம். 1705-ல் வெள்ளைக்காரக் கூலியை நீதிபதியின் உத்தரவில்லாமல் துணி உரிந்து அடிக்கக்கூடாது என்று சட்டம், ஆனால் அடிமைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதே சட்டத்தில் அடிமைகள் தங்களுக்கென்று வளர்த்துவந்த குதிரை, மாடு, பன்றிகளைப் பறிமுதல் செய்து, விற்ற பணத்தை அந்தந்தச் சர்ச்சு வட்டாரத்து ஏழைகளுக்குக் கொடுக்கும்படி விதித்தார்கள்.

தோழர்களே! இந்த ஏற்பாட்டின் தந்திரத்தைக் கவனியுங்கள். ஏழை வெள்ளையனுக்குப் பணக்காரன் தன் சொத்தில் ஒரு காசும் கொடுக்கவில்லை. அவனைவிட எளியவனுடைய மாட்டைப் பிடுங்கிக் கொடுத்தான். அதோடு, "நீ ஏழையானாலும் அவனைவிட உயர்ந்தவன்" என்ற எண்ணத்தையும் இனாமாகக் கொடுத்தான். வயிறு நிறையாவிட்டாலும் அந்த எண்ணம் ஒன்றே அவனை வெகுகாலம் திருப்தியாக வைத்திருந்தது.

வரியும் தேயிலையும்

1763-ல் பிரெஞ்சுக்காரரோடு நடந்த சண்டை முடிந்து இங்கிலாந்துக்குக் கடன் மிகுந்தது. அமெரிக்கக் குடிகள் பேரில் வரி போட நினைத்தார்கள். 1765-ல் பத்திரங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் சீட்டுக் கட்டுகளுக்கும்கூட முத்திரை வரி. எங்கள் பிரதிநிதி இல்லாத பார்லிமெண்டு எங்களுக்கு வரி போடுவதா என்று குடிகள் கொதித்தார்கள். அடுத்த வருஷம் அந்த வரி எடுக்கப்பட்டு, 1767-ல் வேறு வரிகள் வந்தன. 1770 மார்ச்சு 5-ந் தேதி பாஸ்டனில் பட்டாளத்தார் சுட்டு ஐந்து பேர் மாண்டார்கள். அவர்களில் முன்னால் விழுந்தவர் கிரிஸ்பஸ் அட்டக்ஸ் என்பவர். ஆப்பிரிக்கர் வம்சமும் பூர்வீகக் குடிகளின் வம்சமும் கலந்தவர். அமெரிக்க சுதந்திரத்திற்காகச் சிந்திய முதல் ரத்தத்தில், அந்தச் சுதந்திரத்தில் பங்கு கொடுக்கப்படாதவர்களின் ரத்தமும் இருந்தது என்பதை மறக்கக்கூடாது.

1773-ல் வந்த தேயிலைச் சண்டையில் நமக்கும் சம்பந்தமுண்டு. வங்காளத்தையும் சென்னையையும் பிடித்து வைத்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனி கடனில் மூழ்கி, விற்காத சீனத் தேயிலையை லண்டன் கிடங்குகளில் குவித்து வைத்திருந்தது. 1769-70-ல் வங்காளத்தில் பஞ்சம் வந்து ஜனங்கள் கணக்கற்றுச் செத்தபோதும் நிலவரி வசூலித்த கம்பெனி அது. அதைக் காப்பாற்ற பார்லிமெண்டு அமெரிக்காவில் தேயிலை விற்கத் தனிச் சலுகை கொடுத்தது. டிசம்பர் 16-ந் தேதி இரவு பாஸ்டன்வாசிகள் பூர்வீகக் குடிகளைப்போல் வேஷம் போட்டுக் கப்பலேறி, 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். நிலத்தைப் பறித்துக் கொண்டவர்கள் சமயத்தில் உடுப்பையும் இரவல் வாங்கிக் கொண்டார்கள்!

பெயினின் புஸ்தகம்

1775 ஏப்ரல் 19-ந் தேதி லெக்ஸிங்டன் என்ற இடத்தில் துப்பாக்கிச் சண்டை ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் அநேகருக்கு ராஜாவை விட்டுவிட மனம் வரவில்லை. மந்திரிகள் கெட்டவர்கள், ராஜா நல்லவர் என்றே நம்பினார்கள். இந்த மயக்கத்தைத் தெளிவித்தவர் தாமஸ் பெயின். அவர் பெரிய படிப்பாளியல்ல, பிரபு வம்சத்தவருமல்ல. இங்கிலாந்தில் பெண்களின் கச்சு தைக்கும் தொழில் செய்து, பிறகு வரிச் சேவகராக இருந்து, வேலை போய் 1774-ல் அமெரிக்கா வந்தவர். 1776 ஜனவரியில் "காமன் சென்ஸ்" என்ற சிறு புஸ்தகத்தை வெளியிட்டார். பரம்பரை ராஜாவென்பதே அறிவுக்குப் பொருந்தாது, முதல் ராஜாவின் யோக்கியதை என்னவென்று விசாரித்தால் அவன் ஒரு கொள்ளைக் கூட்டத்துத் தலைவனாகத்தான் இருப்பான், ஒரு சிறு தீவு ஒரு கண்டத்தை ஆளுவது இயற்கைக்கே விரோதம் என்று குடியானவனுக்கும் தச்சனுக்கும் விளங்கும் பாஷையில் எழுதினார். படிக்கத் தெரியாதவர்கள் பிறர் படிக்கக் கேட்டார்கள். ஆறு மாதத்தில் சுதந்திரப் பிரகடனம் வெளிவந்தது.

இதே பெயின் பின்னால் 1794-லும் 1795-லும் மதப் புஸ்தகங்களை அறிவைக் கொண்டு ஆராய்ந்து எழுதினார். அவர் கடவுள் ஒருவர் உண்டென்று ஒப்புக்கொண்டவர்தான். ஆனாலும் வேதத்தை ஆராய்ந்த குற்றத்திற்காக அமெரிக்கர்கள் அவரை நாஸ்திகர் என்று தூற்றினார்கள். 1809-ல் அவர் செத்தபோது அடக்கத்திற்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ராஜாவை ஆராய்ந்தபோது தலையில் தூக்கி வைத்தவர்கள், பாதிரியை ஆராய்ந்தபோது கீழே போட்டுவிட்டார்கள்!

எல்லோரும் சமம்

பிரகடனத்தின் நகலை எழுதிய ஜெபர்சன், அடிமை வியாபாரத்தை ராஜாவின் குற்றங்களில் ஒன்றாகச் சேர்த்துக் கண்டித்திருந்தார். அந்தப் பகுதியைக் காங்கிரஸ் சபை அடித்துவிட்டது. தென் கரோலினா, ஜார்ஜியாக்காரர்களைத் திருப்தி செய்யவே அடித்தார்கள் என்றும், அடிமைகளை ஏற்றிக் கப்பல் விட்டுப் பணம் சேர்த்த வடக்கத்தியாருக்கும் அது உறுத்தலாகவே இருந்ததென்றும் ஜெபர்சனே எழுதி வைத்திருக்கிறார். அதே பிரகடனத்தில் பூர்வீகக் குடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்று எழுதியதை மாத்திரம் யாரும் அடிக்கவில்லை.

பெண்கள் சங்கதியும் இப்படியேதான். ஜான் ஆடம்ஸ் என்ற தலைவருக்கு அவர் மனைவி அபிகேல் 1776 மார்ச்சு மாதத்தில் எழுதிய கடிதத்தில், புதிதாகச் சட்டம் செய்யும்போது பெண்களையும் நினைவில் வையுங்கள், புருஷர்கள் கையில் அளவில்லாத அதிகாரத்தைக் கொடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். ராஜாவின் அளவில்லாத அதிகாரத்தை எதிர்த்துக்கொண்டிருந்த அந்தக் கணவர், தமக்குச் சிரிப்புத்தான் வருகிறது என்று பதில் எழுதினார். பிறருடைய அதிகாரம் கொடுமையாகவும், தன்னுடைய அதிகாரம் வேடிக்கையாகவும் தோன்றுவது மனித சுபாவம் போலும்!

1781 அக்டோபர் 19-ந் தேதி யார்க்டவுனில் காரன்வாலிஸ் சரணடைந்ததோடு சண்டை அநேகமாய் முடிந்தது. (இவரே ஐந்து வருஷம் கழித்து இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து, திப்புவோடு சண்டை போட்டு, 1793-ல் வங்காளத்தில் ஜமீன்தாரி முறையை நிலைநாட்டியவர்.) 1783-ல் பாரிஸில் எழுதிய உடன்படிக்கையில் மிஸிஸிப்பி நதி வரையுள்ள நிலத்தை இங்கிலாந்து அமெரிக்காவுக்கு விட்டுக் கொடுத்தது. அந்த நிலத்தில் குடியிருந்த பூர்வீகக் குடிகளில் ஒருவரைக்கூட அங்கே கூப்பிட்டுக் கேட்கவில்லை. சண்டைக் காலத்தில் விடுதலை கிடைக்கும் என்று இங்கிலீஷ் பட்டாளத்தாரிடம் ஓடிப்போன அடிமைகளில் சுமார் 3,000 பேர் நியூயார்க்கிலிருந்து இங்கிலீஷ் கப்பல்களிலேறித் தேசத்தை விட்டுப் போனார்கள். சுதந்திர தேசத்திலிருந்து தங்கள் சுதந்திரத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஓடினார்கள் என்றால் அதன் அர்த்தம் என்ன?

ஒரு அடிமைப் பெண்ணின் வழக்கு

ஆனால் அந்த வார்த்தைகள் வீண்போகவில்லை. மாசசூசெட்ஸ் நாட்டில் ஷெபீல்டு என்ற ஊரில் ஜான் ஆஷ்லி என்ற கனவான் வீட்டில் பெட் என்ற அடிமைப் பெண் இருந்தாள். 1773-ல் அவ்வூர்ப் பெரிய மனிதர்கள் அந்த வீட்டில் கூடித்தான் மனிதர் எல்லோரும் சமம், சுதந்திரம் உள்ளவர்கள் என்று தீர்மானம் எழுதினார்கள். அதே வீட்டில் எஜமானி ஒரு நாள் பழுக்கக் காய்ச்சிய அடுப்புக் கரண்டியால் இன்னொரு சிறு பெண்ணை அடிக்க ஓங்க, பெட் குறுக்கே கையை நீட்டி அடியைத் தாங்கிக் கொண்டாள். அந்தத் தழும்பை அவள் மறைக்கவேயில்லை என்பார்கள்.

1780-ல் மாசசூசெட்ஸ் அரசியல் சட்டத்தின் முதல் விதியாக, மனிதர் எல்லோரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று எழுதினார்கள். பெட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காது இருந்தது, அறிவும் இருந்தது. தியோடர் செட்ஜ்விக் என்ற வக்கீலிடம் போய், எல்லோரும் என்றால் அதில் நானும் சேர்ந்தவள்தானே, எனக்குச் சட்டம் விடுதலை கொடுக்காதா என்று கேட்டாள். 1781 ஆகஸ்டில் வழக்கு விசாரணையாகி, பெட்டும், அவளோடு சேர்ந்து வழக்காடிய பிராம் என்ற அடிமையும் சுதந்திரர்கள் என்று ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். முப்பது ஷில்லிங் நஷ்டஈடும் கிடைத்தது. அவள் எலிஸபெத் பிரீமேன், அதாவது சுதந்திர மனிதர், என்று பேர் வைத்துக்கொண்டு, கூலி வாங்கி உழைத்து, சொந்த வீடு வாங்கி, 1829-ல் காலமானாள். 1783-ல் குவாக் வாக்கர் என்ற இன்னொரு அடிமையின் வழக்கும் அப்படியே முடிந்தது. 1790-ல் எடுத்த முதல் ஜனக் கணக்கில் மாசசூசெட்ஸில் அடிமைகள் என்ற கலத்தில் ஒரு பேர்கூட இல்லை.

படித்த கனவான்கள் எழுதிவிட்டு மறந்துபோன வாக்கியத்தைப் படிக்காத அடிமைப் பெண் ஒருத்தி நிஜமாக்கிக் காட்டினாள். அந்த வாக்கியத்தை எழுதியவர்களைவிட அதை நம்பி வாசற்படி ஏறிக் கேட்டவளே பெரியவள் என்பது நமது அபிப்பிராயம்.

அரசியல் சட்டத்தில் இருந்ததும் இல்லாததும்

1787-ல் பிலடெல்பியாவில் 55 பேர் கதவை மூடிக்கொண்டு அரசியல் சட்டம் செய்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் மாசசூசெட்ஸில் சுதந்திரச் சண்டை போட்டுத் திரும்பிய குடியானவர்கள், வரியும் கடனும் தாங்காமல், ஷேஸ் என்பவர் தலைமையில் கலகம் செய்து அடக்கப்பட்டிருந்தார்கள். அந்தப் பயம் சபையாருக்கு இருந்தது. அடிமைகளுக்கு ஓட்டு இல்லை. ஆனால் பிரதிநிதிகளின் எண்ணிக்கைக்காக மாத்திரம் ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிடலாம் என்று விதித்தார்கள். அடிமை இறக்குமதியை 1808 வரை காங்கிரஸ் தடுக்கக்கூடாது. ஓடிப்போன அடிமையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இவ்வளவும் எழுதி, அடிமை என்ற வார்த்தையை மாத்திரம் ஓரிடத்திலும் எழுதாமல் விட்டார்கள். செய்ய வெட்கமில்லை, சொல்ல வெட்கம்!

அவர்கள் செய்த நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். உத்தியோகத்திற்கு மதப் பரீட்சை கூடாதென்று அதே சட்டத்தில் எழுதினார்கள். அதற்கு முன்பே 1786-ல், யாரும் எந்த மதத்திற்கும் வரி கட்டவோ கும்பிடவோ கட்டாயமில்லை என்று ஜெபர்சன் எழுதிய சட்டம் வர்ஜீனியாவில் நிறைவேறியிருந்தது. 1791-ல் சர்க்கார் எந்த மதத்தையும் ஸ்தாபிக்கக்கூடாது என்ற விதியும் வந்தது. நூறு வருஷத்திற்கு முன் சூனியக்காரியென்று தூக்கிலிட்ட நாட்டில் இது எவ்வளவு பெரிய மாறுதல்! அறிவு வேலை செய்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதுவும் சாட்சி, எங்கே பணம் மறித்ததோ அங்கே அறிவு நின்றுவிட்டது என்பதற்கும் இதுவே சாட்சி.

1790-ல் அமெரிக்கப் பிரஜையாகச் சேர, சுதந்திரமுள்ள வெள்ளையராக இருக்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். இந்தச் சட்டம் வெகு காலம் கழித்து நம் தேசத்தார் ஒருவரையும் தொட்டது. பஞ்சாபிலிருந்து போய் அமெரிக்கப் பட்டாளத்திலும் சேவை செய்த பகத் சிங் திந்த் என்பவர் பிரஜா உரிமை கேட்டபோது, அவர் உயர்ந்த ஜாதி ஆரியர், ஆகையால் வெள்ளையரே என்று அவர் தரப்பில் வாதாடப்பட்டது. 1923-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஒப்புக்கொள்ளவில்லை. நிறத்தால் மனிதனைப் பிரிக்கும் சட்டமே அக்கிரமம் என்று வாதாடுவதற்குப் பதிலாக, நானும் மேல் வரிசைக்காரன் என்று மன்றாடிப் பார்த்து, வாசலிலேயே நிறுத்தப்பட்டதுதான் மிச்சம். இதற்கு ஐம்பது வருஷத்திற்கு முன் 1873-ல் மராட்டி நாட்டு ஜோதிராவ் பூலே, "குலாம்கிரி" என்ற தம் புஸ்தகத்தை, கறுப்பு மக்களின் அடிமைத்தனத்தை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்கே சமர்ப்பித்தார். ஒரே தேசத்துச் சரித்திரத்திலிருந்து இருவர் இரண்டு பாடம் எடுத்துக் கொண்டார்கள். எது மனிதனுக்கேற்ற பாடம் என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

முடிவு

அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது 1865-ல், அதுவும் நாலு வருஷ உள்நாட்டுச் சண்டையில் லட்சக்கணக்கான பேர் மாண்ட பிறகு. பெண்களுக்குத் தேசம் முழுவதும் ஓட்டு வந்தது 1920-ல். பூர்வீகக் குடிகள் எல்லோரையும் அவர்கள் சொந்த மண்ணிலேயே பிரஜைகள் என்று ஒப்புக்கொண்டது 1924-ல். தெற்கே கறுப்பு மக்கள் பயமில்லாமல் ஓட்டுப் போடச் சட்டம் காவல் நின்றது 1965-ல். 1776-ல் எழுதிய ஒரு வரியை வசூல் செய்ய ஏறக்குறைய இருநூறு வருஷம் பிடித்தது. இவற்றில் ஒன்றாவது தானாக வந்ததா? எஜமான்கள் மனமிரங்கிக் கொடுத்ததா? ஒவ்வொன்றும் கேட்டவர்கள் கேட்டு, அடிபட்டவர்கள் அடிபட்டு வாங்கியதேயாகும்.

ஆகவே ராஜா போய்விட்டான், கொடி மாறிவிட்டது என்பதோடு விடுதலை முடிந்துவிட்டதாக நினைப்பது ஏமாளித்தனம். அன்னியனிடமிருந்து அதிகாரத்தைப் பிடுங்கியவன் அதைப் பக்கத்து வீட்டுக்காரனுக்கும், தன் வீட்டுப் பெண்ணுக்கும், தன் வயலில் உழைக்கிறவனுக்கும் பங்கு கொடுத்தானா என்பதே கேள்வி. 1662-ல் மனிதர் கூடிச் செய்ததை 1865-ல் மனிதரே கூடி ஒழித்தார்கள். பிறவித் தாழ்வு ஆண்டவன் கட்டளையாயிருந்தால் ஒரு சட்டத்தால் வந்து இன்னொரு சட்டத்தால் போகுமா? மனிதன் கட்டியதை மனிதன் இடிக்கலாம். அதற்கு வேண்டியது, அடுப்படியில் நின்றபடி கனவான்களின் பேச்சைக் காதில் வாங்கி, "அதில் நானும் சேர்ந்தவள்தானே?" என்று கேட்ட பெட்டின் துணிவேயாகும்.